மீதித் தீட்டு எட்டு நாள்

தீட்டு வந்ததே என்று சந்தோஷப்பட்டவள் ஸ்ரீரங்கத்திலேயே கமலவல்லி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மாசியில் பிறக்க வேண்டிய பெண் குழந்தை கார்த்திகையிலேயே பிறந்துவிட்டது. முப்பது வாரம், ஆயிரத்து நூற்றைம்பது கிராம். கமலவல்லிக்கு ரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டே போக, இனியும் பொறுத்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். மூன்றாம் நாள் தையல் போட்ட இடம் சீழ் வைத்தது. காய்ச்சல் நூற்றிரண்டு. காய்ச்சல் விட்டுப் புண் உலரும் வரை குழந்தை வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் அருள்நாதன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெற்றவள் இரண்டாம் மாடியில் கிடந்தாள். பெற்றது மூன்றாம் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது.

அந்தக் குழந்தை வார்டு நர்ஸ் சுஜாவுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. நேராகக் கமலவல்லியின் கட்டிலுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். பெட்டி சூடு கொடுக்கும், அவ்வளவுதான். இந்த மாதிரிக் குறைமாதக் குழந்தையை வீட்டு ஆள் ஒருவர் சட்டையில்லாமல் மார்போடு மார்பாகப் போட்டுக்கொண்டு தினமும் ஆறு மணி, எட்டு மணி நேரம் உட்கார வேண்டும். கங்காரு முறை என்று பேர். ஊசி மருந்து மாதிரி இதுவும் ஒரு வைத்தியம், வேளை தவறக் கூடாது. மூச்சு சீராகும், எடை ஏறும், மூளை வளரும். அம்மாவால் முடியாவிட்டால் அப்பா, பாட்டி, அத்தை, யாராக இருந்தாலும் சரி, ஆனால் ஒரே ஆள் தினமும் வர வேண்டும்.

யார் வருவார்கள்? மாமியார், ஆஸ்பத்திரி நாற்காலியில் மேல்துணி இல்லாமல் உட்காரவா, நன்னாயிருக்கே என்று நாலடி தள்ளி நின்றுகொண்டாள். கணவனின் அண்ணன் வரதனின் மனைவிக்கு ஒரு மாதமாக விடாத இருமல். பிறந்த வீடு உறையூரில் பூட்டிக் கிடந்தது. அம்மா அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயின, அண்ணன் துபாயில்.

மிச்சம் இருந்தது கணவன் ரெங்கநாதன். மற்ற நாளாக இருந்தால் அவனும் கிடைத்திருக்க மாட்டான். கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு சின்னப் பெருமாள் கோவிலில் ஐந்து தலைமுறையாக அவர்கள் குடும்பத்துக்குத்தான் மடைப்பள்ளிச் சமையல். விடிவதற்குள் குளித்து ஈரத்துணியோடு உள்ளே போனால் ராத்திரித் தளிகை முடியும்வரை அவனை யாரும் தொட முடியாது. ஆஸ்பத்திரிக் காற்றுப் பட்டவன் உள்ளே போகவும் முடியாது. ஆனால் வீட்டில் குழந்தை பிறந்தால் தகப்பனுக்கு மட்டுமா, பங்காளிகள் அத்தனை பேருக்கும் பத்து நாள் தீட்டு. வரதனும் ரெங்கநாதனும் வீட்டில் உட்கார, கோவில் டிரஸ்டிகள் கும்பகோணத்திலிருந்து மாற்று ஆள் ஒருவனை வரவழைத்துக்கொண்டார்கள். கோவிலுக்கு ஆகாமல் போனவன் குழந்தைக்கு ஆனான்.

சட்டையில்லாமல் இருப்பது ரெங்கநாதனுக்குப் புதிதில்லை. வருஷக்கணக்காக அடுப்புக்கு முன்னால் நின்ற மார்பு. அப்படியும் முதல் நாள் அந்தச் சின்ன உடம்பை மார்பில் வைத்துத் துணியால் கட்டியபோது அவனுக்கு வேர்த்து ஊற்றியதாம். சுஜா சொல்லிக்கொடுத்தாள். தடவக் கூடாது, தட்டக் கூடாது. தலையில் ஒரு கை, பாதத்தில் ஒரு கை, அசையாமல் வைத்திருந்தால் போதும். விரல்களை விரித்துக் கையை நீட்டினாலோ, விக்கல் எடுத்தாலோ, போதும் என்னைச் சும்மா விடு என்று குழந்தை சொல்கிறது. மெல்லிய குரலில் ஏதாவது பேசுங்கள் என்றாள். என்ன பேசுவது என்று தெரியாமல் அவன் வெண்பொங்கல் பக்குவத்தைச் சொல்லியிருக்கிறான். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, மிளகை எப்போது போடுவது, நெய்யை எப்போது விடுவது. மறுநாள் புளியோதரை. குழந்தை கேட்டபடியே தூங்கியது.

தூங்கினால் மூச்சை மறந்துவிடும் பிள்ளை அது. மிஷின் அலறும், சுஜா ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டுவாள், மறுபடி மூச்சு வரும். ரெங்கநாதன் மார்பில் இருந்த நேரத்தில் மட்டும் மிஷின் ஒரு தடவைகூட அலறவில்லை. எடையும் ஏறியது. சாயங்காலம் அவன் இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்து செல்போனில் எடுத்த படங்களைக் காட்டுவான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவன் இத்தனை பேசி அவள் பார்த்ததில்லை. இன்னிக்கு என்னைப் பார்த்தா, இன்னிக்குக் கொட்டாவி விட்டா, இன்னிக்கு என் பூணூலைப் பிடிச்சுண்டுட்டா. கமலவல்லிக்குப் பொறாமையாகவும் இருந்தது, பூரிப்பாகவும் இருந்தது. இந்த மனுஷனுக்குள் இவ்வளவு இருந்ததா என்று காய்ச்சலோடு யோசித்துக்கொண்டு கிடந்தாள்.

எட்டாம் நாள் அவளுக்குப் பயம் பிடித்தது. பதினோராம் நாள் புண்யாஹவாசனம். தீர்த்தம் தெளித்தால் தீட்டு போய்விடும். அன்றைக்கே மார்கழி ஒண்ணு. முப்பது நாளும் விடியலில் பொங்கல், வருஷத்திலேயே அந்தக் கோவிலுக்குக் கூட்டம் வருகிற மாசம். அவளுக்கோ சீழ் நின்றபாடில்லை, காய்ச்சல் இறங்கி இறங்கி ஏறியது.

மார்கழி முடியும் வரைக்கும் வரதனே பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் குழந்தையோடு இருங்கள் என்று கெஞ்சினாள். அவனுக்கும் மனசு இருந்தது. ஆனால் வீட்டில் வேறு பேச்சு. மாற்று ஆளின் கைமணத்தை டிரஸ்டிகள் புகழ ஆரம்பித்துவிட்டார்களாம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் நின்றால்தான் மார்கழி நடக்கும், ஒருத்தன் குறைந்தாலும் அந்த ஆளைக் கூட வைத்துக்கொள்வார்கள், கூட வந்தவன் அப்புறம் போக மாட்டான் என்றான் வரதன். அதில் பொய் ஒன்றுமில்லை. அந்த மடைப்பள்ளியை விட்டால் அவர்களுக்கு வேறு தொழில் தெரியாது.

அப்போதுதான் கமலவல்லிக்கு அந்த யோசனை வந்தது. டாக்டர் அருள்நாதன் குழந்தையின் வயசைப் பிறந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்துதான் எண்ணுவார். தலை நிற்பதும் சிரிப்பதும் உட்காருவதும் எல்லாம் அந்தக் கணக்குப்படிதான் என்று அவளிடம் விளக்கியிருந்தார். அப்படியானால் வைத்தியக் கணக்கில் இந்தக் குழந்தை இன்னும் பிறக்கவே இல்லை. மாசியில்தான் பிறக்கும். பிறக்காத குழந்தைக்குப் பதினோராம் நாள் எங்கிருந்து வந்தது? தீட்டு மாசி வரைக்கும் இருக்கத்தானே வேண்டும்? இதைக் கேட்டு வரும்படி ரெங்கநாதனைப் புண்யாஹவாசனம் பண்ணிவைக்கிற வாத்தியாரிடம் அனுப்பினாள். பாவம், அவனும் போய்க் கேட்டான். வாத்தியார் ரொம்ப நேரம் சிரித்தாராம். பிறந்தது பிறந்ததுதான், உன் ஆம்படையாள் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள் என்றாராம்.

சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் அடுத்த வழி தேடினாள். படுத்தபடி கணவன் வீட்டுப் பங்காளிகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். யாருக்கு எத்தனை வயசு, யார் படுக்கையில். ஏழு தலைமுறைக்குள் ஒருத்தர் போனாலும் பத்து நாள் தீட்டு. சென்னையில் சௌரிராஜன் பெரியப்பா இருந்தார், தொண்ணூற்றிரண்டு வயசு, ஒரு வருஷமாக நினைவு இல்லை. கல்யாணத்தில் அவள் கையைப் பிடித்து அட்சதை போட்டு ஆசீர்வாதம் பண்ணின கிழவர். அவர் சீக்கிரம் போகட்டும் என்று அவள் பெருமாளை வேண்டிக்கொண்டாள். வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். சீ என்று தோன்றியது. தோன்றியபிறகும் வேண்டிக்கொண்டாள்.

பதினோராம் நாள் வீட்டில் சாஸ்திரப்படி எல்லாம் நடந்தது. குழந்தை இல்லாமலே பேர் வைத்தார்கள், வேதவல்லி என்று. தகப்பன் காதில் பேரைச் சொல்ல வேண்டுமே, போனில் சொல்கிறேன், குழந்தை காதில் வையுங்கள் என்று ரெங்கநாதன் கேட்க, அந்தச் சத்தம் இந்தக் காதுக்கு ஆகாது, நேரில் வந்து மெதுவாகச் சொல்லுங்கள் என்று சுஜா மறுத்துவிட்டாள். நேரில் எங்கே வருவது? அவன் அப்போது சுத்தமாகிவிட்டானே.

அன்றைக்கே நாற்காலி காலியானது. பெட்டிதான் மறுபடி தாய், பெட்டிதான் தகப்பன். பன்னிரண்டாம் நாள் மிஷின் மூன்று தடவை அலறியது. பதின்மூன்றாம் நாள் ஒன்பது தடவை. மூக்கில் மறுபடி ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள். எடை நாற்பது கிராம் இறங்கியது. கிருமியா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இருக்கலாம் என்றார்கள். அப்பா வந்தால் சரியாகிவிடுமா என்று கமலவல்லி கேட்டாள். சுஜா மழுப்பவில்லை.

"வந்தா எல்லாம் சரியாயிரும்னு சொல்ல மாட்டேன்மா. ஆனா அவர் மார்ல இருந்தப்ப இந்தப் பிள்ளை நல்லா இருந்துச்சு. எழுதி வெச்சிருக்கேன், பாக்குறீங்களா?"

கமலவல்லி பார்க்கவில்லை. கணவனுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மாமியாரைக் கூப்பிட்டாள். மார்கழியில் அவன் எங்கே போனை எடுப்பான் என்று மாமியார் சட்டென்று வைத்துவிட்டாள். அப்படிச் சட்டென்று வைத்ததில் என்னவோ இருந்தது. என்ன என்று மறுநாள் காலை தெரிந்தது.

சௌரிராஜன் பெரியப்பாவின் பெண் யமுனா சென்னையிலிருந்து கூப்பிட்டாள். குழந்தை எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டு, அப்பா முந்தாநாள் கார்த்தாலே பரமபதிச்சுட்டார் என்று அழுதாள். கமலவல்லி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். ஸ்ரீரங்கத்துக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டாள்.

"அன்னிக்கே வரதன்கிட்ட சொல்லிட்டேனே கமலா. மார்கழி, மடைப்பள்ளி நின்னுடும், தயவுபண்ணி ரங்கன் காதுலயோ வேற யார் காதுலயோ போட்டுடாதேன்னு கெஞ்சினான். உன்கிட்டயும் சொல்லலையா?"

சேதி காதில் விழுந்தால்தான் தீட்டு. விழாத வரைக்கும் இல்லை. கல்யாண வீடுகளில் தாலி ஏறும் வரைக்கும் இப்படிச் சாவுச் சேதியை மூடி வைப்பதைக் கமலவல்லி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். வரதன் காதில் விழுந்துவிட்டது, அவன் விழாதமாதிரி இருந்துகொண்டான். அது அவன் பாடு, பெருமாள் பாடு. ரெங்கநாதன் போனை அணைத்து வைத்திருந்தானே, அதுதான் அவளுக்கு எரிந்தது. எதற்கு அணைத்தான்? ஏதோ சேதி இருக்கிறது என்று தெரிந்துதானே அணைத்தான்? பெரியப்பா போனது மட்டுமா அந்தப் போனில் வரும்? பெண்ணுக்கு மூச்சு நின்றால் அதுவும் அந்தப் போனில்தானே வர வேண்டும்?

பெரியவர் போய்விட்டாரே என்று ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை அவளுக்கு. நெஞ்சு குளிர்ந்தது. இரண்டு நாள் போனாலும் மீதி எட்டு நாள் இருக்கிறது என்றுதான் விரல் விட்டு எண்ணினாள்.

ஆஸ்பத்திரி நைட்டிக்கு மேல் புடவையைச் சுற்றிக்கொண்டு, ஸ்கேனுக்குப் போகிறமாதிரி லிஃப்டில் இறங்கி, ஆட்டோ பிடித்தாள். காய்ச்சல் நூறு இருந்தது. மாம்பழச் சாலை மேடு பள்ளம் ஒவ்வொன்றிலும் தையல் பிடுங்கியது. ஆட்டோக்காரர் முகமது யூசுப் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகவே போறேன்மா, புள்ள பெத்த பச்ச உடம்பு போல இருக்கே, இன்ஷா அல்லா எல்லாம் நல்லபடியா ஆகும் என்றார். அவள் வேகமாகப் போகச் சொன்னாள்.

பெற்று நாற்பது நாள் ஆகாதவள் கோவில் வாசலுக்குப் போகக் கூடாது. அதை மீறவும் அவளுக்கு மனசில்லை. பின்பக்கச் சந்தில் மடைப்பள்ளியின் கம்பி ஜன்னல் இருந்தது, புகை போக. அதற்கு எதிரே, கோவில் சுவரைத் தொடாமல், சாக்கடைக்கு இந்தப் பக்கம் நின்றாள். உச்சிக்காலத் தளிகை இறக்குகிற நேரம். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. ஜன்னலருகே வந்த வரதன் அவளைப் பார்த்துவிட்டான். முகம் வெளுத்துப்போய், போ, போ என்று கையால் விரட்டினான். அவன் விரட்டியதில்தான் அவளுக்குத் தொண்டை திறந்தது.

"ஏன்னா! சௌரிராஜன் பெரியப்பா பரமபதிச்சுட்டார். திங்கட்கிழமை கார்த்தாலே. காதுல விழறதா? உங்க எல்லாருக்கும் தீட்டு!"

சந்து முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். கோவிலுக்குள் யாரோ என்ன என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவள் இன்னொரு தடவை சொன்னாள், பேர், உறவு, நாள், மணி எல்லாம் சேர்த்து, யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாதபடி.

அப்புறம் நடந்தது சீக்கிரம் நடந்தது. அண்ணனும் தம்பியும் வெளியே வந்தார்கள். தீட்டுக்காரர்கள் கை பட்ட தளிகை பெருமாளுக்கு ஆகாது. அன்றைக்குச் செய்தது மட்டுமில்லை, மூன்று நாளாகத் தீட்டோடு செய்ததைப் பெருமாள் அமுது செய்திருக்கிறார். அதற்குப் பிராயச்சித்தம் வேறு பண்ண வேண்டும் என்று அர்ச்சகர் தலையில் அடித்துக்கொண்டார். அண்டா அண்டாவாகச் சோற்றைப் பின்பக்கம் கொண்டுவந்து கொட்டினார்கள். வரதன் அவளைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனான். சொல்ல வேண்டியதை ஊர் சொல்லும் என்று விட்டுவிட்டான் போல.

ரெங்கநாதன் ஈர வேட்டியோடு அவளுக்கு ஐந்தடி தள்ளி நின்றான். அவள் அவசரம் அவசரமாகச் சொன்னாள், எடை நாற்பது கிராம் இறங்கிவிட்டது, மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள், ஆட்டோ நிற்கிறது, ஸ்நானம் பண்ணிவிட்டு வாருங்கள், மீதி எட்டு நாள் முழுசாக இருக்கிறது. அவன் கேட்டுக்கொண்டான். கொள்ளிடத்துப் பக்கம் நடந்தான். சாவுத் தீட்டு, தலை முழுகிவிட்டு வருவான் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்போடுதான் ஆட்டோவில் ஏறினாள். தில்லைநகர் வரும்போது புடவையெல்லாம் ரத்தமும் சீழும். சுஜா கண்டபடி திட்டினாள். டாக்டர் இரண்டு தையலைத் திரும்பப் போட்டார். அதெல்லாம் கமலவல்லிக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. மத்தியானம் வந்துவிடுவான், மூன்று மணிப் பாலுக்குக் குழந்தை அவன் மார்பில் இருக்கும்.

மூன்று மணிக்கு வரவில்லை. சாயங்காலம் வரவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் போன் எடுத்தான்.

"எங்கே இருக்கேள்?"

"நம்மாத்துல."

"என்ன பண்ணிண்டு இருக்கேள்?"

"என்ன பண்ணச் சொல்றே? சும்மாத்தான் உட்கார்ந்திருக்கேன். மார்கழி முழுக்க அந்தக் கும்பகோணத்தான்தானாம். தை பொறந்து பேசிக்கலாம்னுட்டா டிரஸ்டிகள். அஞ்சு தலைமுறை கமலா. தெருவுல நின்னு கூவி ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டே."

"குழந்தைக்கு மூச்சு நிக்கறதுன்னா. அதுக்காகத்தான் கூவினேன். தீட்டு இருக்கே, வாங்கோளேன்."

"எப்படி வரது? நீ அங்கே இருக்கியே. உன் மூஞ்சியில என்னால முழிக்க முடியலை."

"நான் ரெண்டாம் மாடி. உங்களைப் பார்க்கவே மாட்டேன். நேரா மேலே போயிடுங்கோ."

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏதோ சேதி இருக்கிறது என்று அப்போதே தனக்கும் தெரியும் என்றான். என்ன என்று அண்ணாவிடம் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டுக்கொள்ளாமல் மார்கழியை ஓட்டிவிடலாம் என்று இருந்தேன், அதுகூட உனக்குப் பொறுக்கவில்லை என்றான். வைத்துவிட்டான்.

இத்தனை நாளும் கோவில்தான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது, தீட்டுதான் அவனை அவிழ்த்து விடும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நம்பி, ஒரு கிழவரைச் சாகச் சொல்லி வேண்டி, ஒரு கோவில் அடுப்பை அணைத்தாள். இப்போது அவனுக்கு அடுப்பும் இல்லை, தடையும் இல்லை. நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறான், அதே சட்டையில்லாத மார்போடு, நாலு கிலோமீட்டர் தள்ளி. கோபம் அவள்மேல், பழி குழந்தைமேல். இப்படியும் ஒரு தகப்பன் இருப்பானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தான் செய்ததில் பாதி தப்பு என்றும் தெரிந்தது, அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

தீட்டின் ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. எட்டாம் நாள் டாக்டர் அவளை மூன்றாம் மாடிக்கு விட்டார். பத்தொன்பது நாள் கழித்துப் பெற்ற பிள்ளையை முதல் தடவையாகத் தொட்டாள். சுஜா குழந்தையை அவள் மார்பில் வைத்துக் கட்டினாள். கமலவல்லி எதிர்பார்த்தது வேறு. குழந்தை விரல்களையெல்லாம் விரித்துக் கையை நீட்டியது. விக்கியது. மிஷின் அலறியது. புது வாசனை, புது மூச்சு, இரண்டு மூன்று நாளில் பழகிவிடும் என்று சுஜா சமாதானம் சொன்னாள். கமலவல்லி தலையில் ஒரு கை, பாதத்தில் ஒரு கை வைத்து அசையாமல் உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டர் அருள்நாதன் தலை ஸ்கேனைப் பற்றிச் சொன்னார். ஒரு பக்கம் சின்னதாக ஒரு மாற்றம் தெரிகிறது. ஒன்றுமில்லாமலும் போகலாம், நாளைக்குக் கை கால் இறுகவும் செய்யலாம், இப்போதே சொல்ல முடியாது. வீட்டுக்குப் போனபிறகு தினமும் செய்ய வேண்டிய பயிற்சிகள் இருக்கின்றன, அம்மா அப்பா இரண்டு பேரும் கற்றுக்கொள்ள வேண்டும். நடுவில் ஆள் இல்லாமல் கிடந்தாளே, அதனாலா என்று அவள் கேட்டாள். அப்படிச் சொல்ல முடியாதும்மா என்றார். இல்லை என்று சொல்லுவார் என்று கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நல்ல டாக்டர், பொய் சொல்லவில்லை.

பத்து நாளும் முடிந்து தீட்டு கழிந்த அன்றைக்குக் காலை ரெங்கநாதன் வந்தான். குளித்துப் பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு, துவைத்த வேட்டியோடு குழந்தை வார்டு வாசலில் நின்றான். மடைப்பள்ளியில் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை. போக்கிடம் இல்லாமல் வந்தானா, பிள்ளை நினைப்பில் வந்தானா என்று கமலவல்லி கேட்கவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், மிஷினைப் பார்த்து, எப்படியிருக்கா என்றான்.

குழந்தை அவள் மார்பில் கிடந்தது. மூன்று நாளாக ராத்திரி பகலாக உட்கார்ந்து, முதுகு ஒடிந்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அலறல் என்கிற அளவுக்குக் கொண்டு வந்திருந்தாள். இவனிடம் கொடுப்பதாவது என்று நினைத்தாள். எட்டு நாள் கேட்டேனே, காலில் விழாத குறையாகக் கேட்டேனே, இப்போது திருமண் காய்வதற்குள் எடுத்துக் கொடுத்துவிட வேண்டுமா? போங்கோ என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மிஷின் அலறியது. குழந்தையின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. சுஜா ஓடிவந்து பாதத்தைச் சுண்டினாள், மூச்சு வந்தது.

கமலவல்லி எழுந்தாள். அங்கவஸ்திரத்தை எடுங்கோ என்றாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளே குழந்தையை அவன் மார்பில் வைத்து, அவளே துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். விரல்களை விரிக்கட்டும், விக்கட்டும், இவனை மறந்துபோயிருக்கட்டும் என்று மனசார விரும்பினாள். பெற்ற தாய் விரும்பக் கூடாத விருப்பம்தான்.

குழந்தை கொஞ்சம் முண்டியது. பிறகு கன்னத்தை அவன் நெஞ்சில் வைத்து, கையை மடக்கிக்கொண்டு, அப்படியே தூங்கிப்போனது. மிஷினில் ஆக்ஸிஜன் அளவு எண்பத்தெட்டு இருந்தது. தொண்ணூற்றொன்று ஆனது. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றேழில் போய் நின்றது, அசையாமல் நின்றது. சுஜா குழாயின் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். ரெங்கநாதன் கண்ணை மூடிக்கொண்டான், அழுகிறான் போல இருந்தது. கமலவல்லிக்கு அவன் வராமல் இருந்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துவிட முடியும் என்று இருந்தது. வந்ததும் இது நடந்ததே, அதை மன்னிக்க முடியாது.

ஒரு மணி நேரம் நின்றபடியே அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட அலறவில்லை. பிறகு அவன் பக்கம் குனிந்து, பிள்ளை எழுந்துவிடாத குரலில், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நாளைக்கும் வருவேளா?"